சித்தியின் கேள்வியும் 250 கோடி ரூபாயும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைசூரில் இருக்கும் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். முழங்கால் வலி, தக்காளி விலை, பேத்தியின் பரதநாட்டியம் எல்லாம் முடிந்த பிறகு சித்தி விஷயத்துக்கு வந்தார். ஒரு நிறுவனத்திலிருந்து (பெயர் வேண்டாம்) அவருக்கு மெயில் வந்திருக்கிறது. "உங்களுடைய சில விவரங்கள் அனுமதியில்லாத நபர்களிடம் சென்றிருக்க வாய்ப்புள்ளது. கவலைப்படத் தேவையில்லை" என்று.

"கவலைப்பட வேண்டாம்னா எதுக்குடா மெயில் அனுப்பறான்?"

நியாயமான கேள்வி. நான் கணினித் துறையில் குப்பை கொட்டுகிறவன் என்பதால், குடும்பத்தில் பிரிண்டர் வேலை செய்யாததிலிருந்து டேட்டா திருட்டு வரைக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: "இப்ப புதுச் சட்டம் வந்திருக்கு சித்தி. பாதுகாப்புல கோட்டை விட்டா கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம்."

சித்தி ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி. அதுல எனக்கு எவ்வளவு வரும்?"

மழுப்பினேன். ஏனென்றால் சரியான பதில்: ஒரு பைசா கூட இல்லை. போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். அந்தக் கதையில் சித்தியின் ஊர் நான் நினைத்ததை விட அதிகமாகவே வருகிறது.

விரலும் மையும்

2014 நவம்பர் 1 முதல் அரசாங்கக் கணக்கில் அது மைசூரு. நமக்கு வாய் என்னவோ மைசூர் என்றுதான் வருகிறது. மைசூர் என்றால் அரண்மனை, தசரா, பாகு என்று நமக்குத் தெரியும். தேர்தலில் நம் விரலில் வைக்கும் அழியாத மையும் அங்கிருந்துதான் வருகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1937-ல் அரக்கும் பெயின்ட்டும் செய்ய ஆரம்பித்த தொழிற்சாலை அது. பிற்பாடு கர்நாடக அரசின் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனமானது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து இந்தியா முழுக்க அந்த மைதான். ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் ரூபாய் நோட்டு அச்சடிக்கும் இரண்டு அச்சகங்களில் ஒன்றும் மைசூரில்தான் இருக்கிறது.

ஒருவன் இரண்டு முறை ஓட்டுப் போடக் கூடாது, கள்ள நோட்டு புழங்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் காவல் காக்கிற பொருளைத் தயாரிக்கும் ஊர் அது. 2010-ல் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. ஆதார். கர்நாடகத்தில் அதன் முன்னோட்டத்துக்கு எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் இரண்டு: மைசூர், தும்கூர். சித்தியும் வரிசையில் நின்று பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தி, கண்ணையும் காட்டிவிட்டு வந்தார். "நாம எல்லாம் படிச்சுட்டும் கைநாட்டுதான்" என்று அப்போது சித்தப்பா அடித்த ஜோக் குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது.

சமையல் கேஸ் மானியத்தை ஆதாரோடு இணைக்கும் சோதனையும் மைசூரில் நடந்தது. 2013-ல் மானியத்தை நேராக வங்கிக் கணக்கில் போடும் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட 20 மாவட்டங்களில் மைசூரும் ஒன்று.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். விரலில் வைத்த மை சில வாரங்களில் நகத்தோடு வளர்ந்து போய்விடும். நோட்டைச் செல்லாது என்று அறிவித்துப் புது நோட்டு அடிக்கலாம் (2016-ல் பார்த்தோமே!). பாஸ்வேர்ட் போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகை போனால்? சித்திக்கு வேறு விரல் முளைக்கப் போவதில்லை.

86 வயதில் ஒரு மனு

ஆதாருக்காக இப்படி விரல் ரேகை எடுத்துக்கொண்டிருந்தபோது அதற்கென்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இல்லை. அரசு ஆணையின் பேரிலேயே எல்லாம் நடந்தது. இதைக் கேள்வி கேட்டு 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. மனுப் போட்டபோது அவருக்கு வயது 86. அவர் படித்தது மைசூர் மகாராஜா கல்லூரியில். (நம் ஆர்.கே. நாராயண் பி.ஏ. முடித்ததும் அதே கல்லூரிதான்.)

வழக்கில் மத்திய அரசு எடுத்த நிலை பலரைத் தூக்கிவாரிப் போட்டது. அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே இல்லை என்று 2015-ல் அரசுத் தரப்பு வாதிட்டது. 1954-லும் 1962-லும் வந்த பழைய தீர்ப்புகளைக் காட்டியது. அந்த ஒரு கேள்விக்காகவே ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமைதான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆதார் செல்லும் என்று தீர்ப்பு வந்தது வேறு கதை. அதிலும்கூட, தனியார் நிறுவனங்கள் இஷ்டத்துக்கு ஆதாரைக் கேட்பதற்கு இடம் கொடுத்த 57-ஆம் பிரிவின் பகுதியை நீதிமன்றம் அடித்துவிட்டது.

புட்டசாமி 2024 அக்டோபரில், 98 வயதில் காலமானார். இன்று இந்தியாவில் ஒரு கம்பெனி தகவல் பாதுகாப்புக்காக அபராதத்துக்குப் பயப்படுகிறது என்றால், அந்த இழையின் ஒரு நுனி அவர் கையில் இருந்தது.

15 கோடி, 4 சதவீதம், 250 கோடி

உரிமை இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னால் மட்டும் போதாது. மீறினால் என்ன தண்டனை என்று சொல்ல ஒரு சட்டம் வேண்டும். நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018 ஜூலையில் ஒரு வரைவைக் கொடுத்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 15 கோடி ரூபாய் அல்லது உலக அளவிலான விற்றுமுதலில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அது வரைக்கும் அபராதம். இது ஐரோப்பாவைப் பார்த்து எடுத்த அளவுகோல். அதோடு, பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கவும் அதில் தனிப் பிரிவு இருந்தது. 2019-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவிலும் இரண்டும் இருந்தன.

அந்த மசோதாவை 2022 ஆகஸ்டில் அரசு வாபஸ் வாங்கியது. புதிதாக எழுதப்பட்ட சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. இதன் அட்டவணையில்தான் அந்தப் புகழ்பெற்ற 250 கோடி இருக்கிறது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி வரை. தகவல் கசிந்ததைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை.

சதவீதம் போய்விட்டது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி விற்றுமுதல் உள்ள கம்பெனிக்குப் பழைய வரைவின்படி உச்சபட்ச அபராதம் 4,000 கோடி. புதுச் சட்டத்தில் 250 கோடி. அதாவது கால் சதவீதம். அதே 250 கோடி, நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த ஒரு ஸ்டார்ட்-அப்புக்கு ஏழு தலைமுறைக்கும் கட்ட முடியாத தொகை. குற்றத்தின் தன்மை, எத்தனை நாள் நடந்தது, திருத்திக்கொள்ள என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் வாரியம் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வது ஒரு ஆறுதல்.

அந்தப் பணம் எங்கே போகும்? 34-ஆம் பிரிவு ஒரே வரியில் சொல்கிறது: இந்தியத் தொகுப்பு நிதிக்கு. அதாவது அரசு கஜானாவுக்கு. சித்தியின் பூஜ்யம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, பொய்ப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். சித்தி இந்தச் சட்டத்தில் பணம் வாங்க வழியில்லை, கட்டத்தான் வழி இருக்கிறது :-)

தூத்துக்குடியில் நடந்தது

"அப்ப இதுக்கு முன்னாடியும் இப்படித்தானா?" என்று கேட்டால், இல்லை. அதற்குச் சாட்சி ஒரு தமிழர்தான், அதுவும் நம்மைப் போல வெளிநாட்டில் வேலை பார்த்தவர்.

அவர் அபுதாபியில் இருந்தார். கணக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில். 2007 செப்டம்பரில் வங்கியிலிருந்து வந்தது போலவே ஒரு மெயில். விவரங்களைக் கொடுத்தார். கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் போய்விட்டது. அந்தப் பணம் அதே வங்கியில் இருந்த இன்னொரு கணக்குக்குப் போய், அதில் பெரும்பகுதி மும்பைக் கிளையில் எடுக்கப்பட்டிருந்தது. "பாஸ்வேர்டைக் கொடுத்தது நீங்கள், நாங்கள் என்ன செய்ய?" என்பது வங்கியின் வாதம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன்படி, இப்படிப்பட்ட வழக்குகளை முதலில் விசாரிக்க வேண்டியவர் மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். தமிழ்நாட்டின் அன்றைய செயலாளர் பி.டபிள்யூ.சி. டேவிதார் 2010 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னார். வங்கி போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யவில்லை, வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். இழந்த பணம், வட்டி, அலைந்த செலவு எல்லாம் சேர்த்து. இந்தத் தொகை கஜானாவுக்கு அல்ல, வாடிக்கையாளருக்கு.

இந்தக் கதையை நான் சர்க்கரை தடவிச் சொல்ல விரும்பவில்லை. வங்கி மேல்முறையீடு செய்தது. அந்த மேல்முறையீட்டைக் கேட்க வேண்டிய சைபர் தீர்ப்பாயத்துக்கு 2011-லிருந்து தலைவரே கிடையாது. 2017-ல் அதைத் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தோடு சேர்த்த பிறகுதான் கோப்புகளின் மேல் தூசி தட்டப்பட்டது. தீர்ப்பு வாடிக்கையாளர் பக்கமே உறுதியானது 2019-ல். பணம் போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து.

ஆனாலும் கதவு என்று ஒன்று இருந்தது. 2008 திருத்தத்தில் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 43ஏ பிரிவு அந்தக் கதவை இன்னும் அகலமாகத் திறந்தது. முக்கியமான தனிப்பட்ட தகவலைக் கையாளும் நிறுவனம் கவனக்குறைவாக இருந்து ஒருவருக்கு நஷ்டம் வந்தால், அவருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பது அதன் சாரம். புதுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு என்ன செய்கிறது தெரியுமா? அந்த 43ஏ-யை எடுத்துவிடுகிறது. பழைய வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள், வாசலை மட்டும் அரசாங்கத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள்.

அறிவிப்பும் வசூலும்

அபராதம் என்றாலே தலைப்புச் செய்தியில் வரும் தொகை ஒன்று, கடைசியில் கட்டும் தொகை இன்னொன்று. பிரிட்டிஷ் ஏர்வேஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். 2018-ல் அதன் வலைத்தளத்தில் புகுந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரங்களைத் திருடினார்கள். 2019 ஜூலையில் பிரிட்டனின் தகவல் ஆணையர் 18.3 கோடி பவுண்டு அபராதம் போடப்போவதாக அறிவித்தார். உலகமே அதிர்ந்தது. 2020 அக்டோபரில் உண்மையில் போட்டது 2 கோடி பவுண்டு. ஒன்பதில் ஒரு பங்கு. அதன் பிறகு பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து தனியாக வழக்குப் போட்டு, 2021-ல் சமரசத்தில் பணம் வாங்கினார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்களுக்கு 2018 சிங்ஹெல்த் விவகாரம் நினைவிருக்கும். பிரதமர் லீ சியென் லூங் உட்பட 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் போயின. 2019 ஜனவரியில் அதன் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 7.5 லட்சம் வெள்ளி, சிங்ஹெல்த்துக்கு 2.5 லட்சம் வெள்ளி அபராதம். மொத்தம் 10 லட்சம். ஆளுக்கு ஒரு வெள்ளி கூட இல்லை, அதுவும் ஆளுக்குப் போகவில்லை.

இந்தியாவில்? சித்தியின் கேஸ் மானியத்துக்கே வருவோம். 2017-ல், சிம் கார்டை ஆதாரோடு இணைக்கப் போனவர்களுக்குத் தெரியாமலே ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. மானியம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும் என்பதால், சுமார் 31 லட்சம் பேரின் 190 கோடி ரூபாய் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. ஆதார் ஆணையம் 2017 டிசம்பரில் ஏர்டெல்லின் ஆதார் சரிபார்ப்பு அனுமதியை நிறுத்தி வைத்து, இடைக்கால அபராதமாக 2.5 கோடி வாங்கியது. ரிசர்வ் வங்கி 2018 மார்ச்சில் அந்த வங்கிக்கு 5 கோடி போட்டது. இது ஹேக்கர் செய்த திருட்டு அல்ல, சம்மதம் கேட்காத குற்றம். அங்கே மக்களுக்கு ஆறுதல் தந்தது அபராதமா? இல்லை. அந்த 190 கோடியைத் திருப்பிக் கொடுக்க வைத்ததுதான்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024-ல் டெலிகிராமில் கிடைத்தன. 3.1 கோடி பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொன்னான். 2025-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சைபர் பாதுகாப்பு விதிமீறல்களுக்காக அந்த நிறுவனத்துக்குப் போட்ட அபராதம் 3.39 கோடி. ஹேக்கர் சொன்ன கணக்கு சரியென்றால் ஆளுக்கு ஒரு ரூபாய் சொச்சம்.

மைசூரிலிருந்து அமெரிக்காவுக்கு

நம்மில் பலருக்கு மைசூர் என்றால் அரண்மனைக்கு முன்னால் இன்போசிஸ் பயிற்சி வளாகம்தான் ஞாபகம் வரும். 2005-ல் அங்கே உலகக் கல்வி மையம் திறந்ததிலிருந்து எத்தனை தமிழ்நாட்டுப் பொறியியல் பிள்ளைகள் அங்கே இரவு கண் விழித்துத் தேர்வு எழுதியிருக்கிறார்கள்!

அந்தக் குழுமத்துக்கு அமெரிக்காவில் மெக்கேமிஷ் என்று ஒரு துணை நிறுவனம். காப்பீட்டு, ஓய்வூதிய நிறுவனங்களுக்கான வேலை. 2023 நவம்பரில் அதன் கணினிகள் தாக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 65 லட்சம் பேர். (இதற்கும் மைசூர் வளாகத்துக்கும் சம்பந்தமில்லை, சொல்லிவிடுகிறேன்.) அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் 1.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டார்கள். வக்கீல் பீஸ் எல்லாம் போக ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் பணம் பாதிக்கப்பட்டவர்களை நோக்கிப் போகிறது.

யோசித்துப் பாருங்கள். இந்தியக் குழுமத்தின் சர்வரில் அமெரிக்கப் பாட்டியின் விவரம் கசிந்தால் அவருக்கு ஏதோ நாலு டாலராவது கேட்க வழி இருக்கிறது. மைசூர்ப் பாட்டியின் விவரம் கசிந்தால் பணம் டெல்லிக்குப் போகிறது.

புதுச் சட்டத்தில் இந்த அவுட்சோர்சிங் வேலைக்குத் தனி இடமும் உண்டு. வெளிநாட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தப்படி வெளிநாட்டினரின் தகவலை இந்தியாவில் கையாண்டால் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு. ஆனால் பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் கடமைக்கு மட்டும் விலக்கு இல்லை. நியாயம்தான். நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் தொழிலின் மூலதனமே அந்த நம்பிக்கை.

என் கட்சி

அபராதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தகவல் கசிந்ததால்தான் இந்த நஷ்டம் வந்தது என்று தனி ஆள் நிரூபிப்பது குதிரைக் கொம்பு. நம் விவரம் பத்து இடத்தில் இருக்கிறது. எந்த ஓட்டை வழியாகப் போனது என்று யார் கண்டது? அந்த இடத்தில் ஒரு வாரியம் கம்பெனியைக் கூப்பிட்டு, சர்வரைப் பூட்டினாயா, பதிவேடு வைத்திருந்தாயா என்று கேட்பது நல்லதுதான். இந்தத் துறையில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்: அபராதம் என்ற சொல் வந்த பிறகுதான் பாதுகாப்புக்குப் பட்ஜெட் கிடைக்கிறது.

ஆனால் தண்டனையும் நிவாரணமும் ஒன்றல்ல. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும். 14.7 கோடி பேரின் விவரங்களைத் தொலைத்த ஈக்விபாக்ஸ் நிறுவனத்தோடு 2019-ல் அமெரிக்க அரசு செய்த ஏற்பாடு குறைந்தது 57.5 கோடி டாலருக்கு. அதில் 42.5 கோடி வரை பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி. ஆளுக்கு 125 டாலர் என்றது கூட்டம் சேர்ந்ததும் சொற்பமாகச் சுருங்கியது உண்மை. இருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு அந்தக் கணக்கில் ஓர் இடம் இருந்தது.

இன்னொரு விஷயம். சித்தியின் பத்து விரலும் இருப்பது எந்தக் கம்பெனியிடமும் அல்ல, அரசிடம். அரசு தன் அமைப்புகளில் எதற்கு வேண்டுமானாலும் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி விலக்கு அளித்துக்கொள்ள 17-ஆம் பிரிவு வழி செய்கிறது. புட்டசாமி கேள்வி கேட்டது யாரை என்பதை நினைத்துப் பார்த்தால் இது கொஞ்சம் உறுத்துகிறது.

சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பாதுகாப்புக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. கசிவைப் பற்றிய முழு விவரத்தை 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தர வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கும் தாமதமில்லாமல், புரியும்படி சொல்ல வேண்டும் என்கின்றன அந்த விதிகள். "கவலைப்படத் தேவையில்லை" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ள முடியாது.

அடுத்த ஞாயிறு சித்தியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். உங்களுக்கு ஒன்றும் வராது, அத்தனையும் கஜானாவுக்கு. அந்த மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள். வங்கிப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆதார் தளத்தில் போய் விரல் ரேகையைப் பூட்டி வையுங்கள், அந்த வசதி இருக்கிறது. பணமே போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள். நுகர்வோர் நீதிமன்றம் என்று ஒரு கதவும் இருக்கிறது. நம்பிக் கொடுத்த தகவலை வெளியே விடுவது முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் சட்டம் சொல்கிறது.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப தப்பு பண்ணினது அவன், வாங்கிக்கறது கவர்மென்ட், வேலை மட்டும் எனக்கா?" என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் சொல்லுங்கள் சித்தி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

கொசுறு: ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் ஆதாரில் எந்த மொபைல் எண் இணைந்திருக்கிறது என்று இந்த வாரமே கேளுங்கள். பாதி வீடுகளில் அது எப்போதோ தொலைந்து போன சிம்மாக இருக்கும். விரல் ரேகையைப் பூட்டுவதற்கான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.